கீழ்வீட்டு ஹல்மொனிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். நேற்றுதான் பள்ளிக்குப் போனாள். ஒவ்வாமை வந்தால் போடும் ஊசி இருக்கும் மஞ்சள் டப்பாவை அவளே எடுத்துப் பையின் முன்பக்கத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். அவள் தலை மறைந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கை ஓடவில்லை.

அவளுக்கு எள் ஆகாது என்பதும் அன்று என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

இங்கே கொரியாவில் ஆம்புலன்சுக்கான 119-ஐ அழைத்து, பதறாமல் கொரிய மொழியில் முகவரி சொன்ன தம்பிக்கு நன்றி. ஊசியைத் தொடையில் வைத்து அழுத்தும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, தன் கையை என் கைமேல் வைத்துச் சேர்த்து அழுத்திய அக்காவுக்கு நன்றி. சின்னவனை மூன்று நாள் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துக்கொண்டவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் ரசமும் சோறும் கொண்டுவந்தவர்களுக்கும், டாக்டர் சொன்னதை எனக்குத் தமிழிலும் நான் கேட்டதை அவருக்குக் கொரிய மொழியிலும் போனில் மாற்றி மாற்றிச் சொன்ன தங்கைக்கும் நன்றி. ஆம்புலன்சில் வந்த இரண்டு பேரின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அவர்கள் தமிழ் படிக்கப்போவதில்லை என்றாலும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பள்ளியின் ஊட்டச்சத்து ஆசிரியைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பள்ளிச் சாப்பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1 என்றால் முட்டை, 2 பால், 3 பக்வீட், 4 வேர்க்கடலை, இப்படிப் போய் 19-இல் பைன் கொட்டையோடு முடியும். அந்தப் பத்தொன்பதில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து பொட்டலத்தின் மேல் எள்ளையும் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே எள்ளுக்கு எண் இல்லாததால் நாங்களேதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆசிரியை இந்த மாதப் பட்டியலை அச்செடுத்து, எள்ளோ எள்ளெண்ணெயோ சேரும் பதார்த்தத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறார். வட்டம் இல்லாத நாளே இல்லை. அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கூடவே, இத்தனையையும் ஒருத்தர் உட்கார்ந்து என் பிள்ளைக்காகப் பார்த்திருக்கிறாரே என்று தெம்பும் வருகிறது.

இனி, கீழ்வீட்டு ஹல்மொனி. பாட்டியை இங்கே ஹல்மொனி என்பார்கள்.

நான்கு வருஷமாக நாங்கள் இருக்கும் கட்டடத்தில் தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டியம்மா அவர். மொட்டை மாடியில் வரிசையாக இருக்கும் மண்ஜாடிகள் அவருடையவை. எங்களுக்குள் பேச்சு அதிகம் இருந்ததில்லை. என் கொரிய மொழி கடைக்குப் போய்வரும் அளவுதான். படிக்கட்டில் பார்த்தால் மகளை "உரி காங்அஜி" என்று கூப்பிடுவார். எங்க நாய்க்குட்டி என்று அர்த்தம். இங்கே பாட்டிகள் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் சொல் அது. குடிவந்த முதல் வருஷம் சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு தட்டு சோங்பியோன், நம் கொழுக்கட்டை மாதிரி, கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே எள் பூரணம். வாங்கி வைத்துக்கொண்டு, மகளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மனசு வருத்தப்பட்டிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது. திறந்தால் ஹல்மொனி, கையில் துணியில் கட்டிய பாத்திரம். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்து, முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு தாளை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். பெரிய பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒன்றாக, அந்தப் பாத்திரத்தில் இருக்கும் அத்தனையும் எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக அது வந்த பொட்டலத்தின் அட்டையைக் கத்தரித்து ஒட்டியிருந்தார். உலர்ந்த மியோக் கடற்பாசியின் உறை, உப்புப் பொட்டலத்தின் மூலை, சோயா எண்ணெய்ப் புட்டியின் லேபிள், பனியில் போட்டுக் காயவைத்த பொலாக் மீன் வந்த கவரின் துண்டு. பூண்டுக்கு மட்டும் ஒட்ட ஒன்றும் இல்லாததால் ஒரு பூண்டை வரைந்திருந்தார்.

அதில் ஒரு வரிக்கு நேராக அட்டை இல்லை. அது அவரே மாடியில் போட்ட குக்கான்ஜாங், சூப்புக்கு ஊற்றும் சோயா சாறு. வெந்த சோயாவை இடித்துக் கட்டியாக்கி, காயவைத்து, நொதிக்கவிட்டு, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து இறக்குவது. அதற்கு அவர் எழுதியிருந்தது இது: சோயா, உப்பு, தண்ணீர், காய்ந்த மிளகாய் மூன்று, உலர்ந்த சீன இலந்தை, ஒரு துண்டு அடுப்புக்கரி. ஜாடியில் மிதக்கவிட்ட கரியைக்கூட விடாமல் எழுதியிருந்தார்.

நான் கேமராவை வைத்து ஒவ்வொரு லேபிளாக மொழிபெயர்த்துப் படித்தேன். அவர் எதிரிலேயே அப்படிப் படிப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. "படி, படி, மெதுவாகப் படி" என்றார். முட்டிவலிக்காரர், பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றார். தெரியாத சொல் வந்தால் விரல் வைத்துக் காட்டி, எளிய வார்த்தையில் திருப்பிச் சொன்னார்.

பாத்திரத்தைக் கையில் வாங்கும்போது அடியில் ஏதோ பிசுபிசுத்தது. திருப்பிப் பார்த்தேன். பாதி கிழிந்த விலைச்சீட்டு. புதுப் பாத்திரம். கரண்டியும் புதிது. அவர் வீட்டு மரக்கரண்டியில் அறுபது வருஷத்து எள்ளெண்ணெய் ஊறியிருக்கிறது, கழுவினால் போகாது என்றார்.

அது மியோக்குக், கடற்பாசி சூப். இங்கே பிறந்தநாளன்று காலையில் எல்லா வீட்டிலும் இதுதான். பிள்ளை பெற்றவளுக்கும் வாரக்கணக்கில் இதைத்தான் கொடுப்பார்கள். நம்மூரில் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிற மாதிரி. ஊறவைத்த பாசியை முதலில் எள்ளெண்ணெயில் வதக்கித்தான் தண்ணீர் ஊற்றுவார்கள், அதனால் நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட மகள் இதை வாயில் வைத்ததில்லை. அவள் பிறந்தநாள் ஆஸ்பத்திரியிலேயே போனது ஹல்மொனிக்கு யார் சொல்லியோ தெரிந்திருக்கிறது. ஒரு கிண்ணம் அவளுக்கு, ஒரு கிண்ணம் எனக்கு என்று கையால் காட்டினார். பெற்ற நாள் உனக்கும்தானே என்றார்.

மகள் முதல் வாய் எடுத்தபோது நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஹல்மொனியைப் பார்த்தேன். போனில் 1, 1, 9 அடித்து, அழைக்கும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைப் பிடித்தபடி நின்றிருந்தார். அரைமணி நேரம் கழிந்த பிறகுதான் போனைச் சட்டைப்பையில் போட்டார். போகும்போது, எள்ளெண்ணெய் இல்லாததால் ருசி கொஞ்சம் குறைவு, மன்னிச்சுக்கோ என்றார்.

அந்த மன்னிப்பு எனக்கு இன்னும் தாங்கவில்லை. நாம் கைப்பக்குவம் என்போம், இவர்கள் சோன்மாத் என்பார்கள், கையின் ருசி. எள்ளெண்ணெய்க்கு இவர்கள் வைத்த பெயர் சாம்கிரும். சாம் என்றால் மெய்யான, அசலான. நாமும் அதற்கு நல்லெண்ணெய் என்றுதானே பெயர் வைத்தோம். எத்தனையோ எண்ணெய் இருக்க, இரண்டு ஊரும் இதைத்தான் நல்லது என்று அழைத்திருக்கிறது. இறக்கும்போது நாலு சொட்டு விடாமல் ஒரு கீரையைக்கூட இவர்கள் பிசைய மாட்டார்கள். அந்த நாலு சொட்டை ஒரு பாட்டியம்மா என் பிள்ளைக்காக விட்டுவிட்டு, அதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

எள் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் அதிகம் கேட்கும் வார்த்தை எது என்றால், "கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது". தமிழில் கேட்டிருக்கிறேன், கொரிய மொழியில் கேட்டிருக்கிறேன். என் அம்மா சொல்லியிருக்கிறார், மாமியார் சொல்லியிருக்கிறார், எல்லாம் பாசத்தில்தான். எள்ளுருண்டை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு எள் ஒரு பிள்ளையை மூச்சுவிடாமல் செய்யும் என்று நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஹல்மொனி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவருக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் செய்தார். மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது, எள்ளெண்ணெய்க்குப் பதிலாக பெரில்லா எண்ணெய் ஊற்றலாம் என்று முதலில் நினைத்தாராம். இங்கே துல்கிரும் என்பார்கள், வேறு செடி, வேறு விதை. வாங்கும் ஆலைக்கே போய் விசாரித்திருக்கிறார். காலையில் எள் ஆட்டிய அதே எந்திரத்தில்தான் மத்தியானம் பெரில்லாவையும் ஆட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் புட்டியை வைத்துவிட்டுக் கடையில் சோயா எண்ணெய் வாங்கியிருக்கிறார்.

எனக்குத் தலையில் அடித்தமாதிரி இருந்தது. ஆறு வருஷமாக இதை நான் யோசித்ததே இல்லை. வீட்டில் நல்லெண்ணெயை நிறுத்திய நாளிலிருந்து விருதுநகரிலிருந்து அம்மா செக்குக் கடலை எண்ணெய்தான் அனுப்புகிறார். அவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளும், சோதனையும் செய்தாயிற்று. அன்றிரவே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா மறுநாள் காலையில் நேரே போய்க் கேட்டார். ஒரே செக்குதான். எள் ஆட்டி முடித்துத் துடைத்துவிட்டுக் கடலை போடுகிறார்கள். அவ்வப்போது காரணம் தெரியாமல் அவள் உதட்டைச் சுற்றித் தடித்துச் சிவந்ததே, குளிர்காற்று என்று நானாகச் சொல்லிக்கொண்டேனே, அது இதனால்தானா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்க வேண்டும். அந்த டின் இப்போது வீட்டில் இல்லை. ஒவ்வாமையுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நீங்களும் உங்கள் செக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மாவும் போனிலேயே அழுதார். இனிமேல் கொஞ்சம்தானே என்று சொல்ல மாட்டேன் என்றார். நான் அதற்காகப் போன் போடவில்லை அம்மா என்றேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் கூட்டங்களுக்கு இனி நான் கொண்டுவரும் எந்தப் பாத்திரமும் சீட்டு ஒட்டாமல் வராது. என்ன போட்டேன், எந்த எண்ணெய், எந்தக் கரண்டி, எல்லாம் அதில் இருக்கும். நம் பிள்ளைகளில் முட்டை ஆகாதவன் ஒருவன், முந்திரி ஆகாதவள் ஒருத்தி இருக்கிறார்கள். அவர்கள் அம்மாக்கள் ஒவ்வொரு முறையும் தயங்கித் தயங்கி வந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் அவர்கள் கேட்க வேண்டியிருக்காது.

ஹல்மொனியின் பாத்திரம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நம்மைப் போலவே இவர்களும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். நாளைக்கு வெண்பொங்கல் செய்து கொடுக்கப்போகிறேன். உங்களுக்கு ஆகாதது ஏதாவது உண்டா என்று இன்று காலையில் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல, கொஞ்ச நேரம் யோசித்தார். பீச் பழம் தொட்டால் கை அரிக்கும் என்றார்.

பட்டியலைக் கொரிய எழுத்தில் மகள்தான் எழுதுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அரிசி, பாசிப்பருப்பு, நெய், மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. கறிவேப்பிலைக்குக் கொரிய மொழியில் என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை, அதனால் ஒரு இணுக்கு வரைந்திருக்கிறாள். அதற்குக் கீழே, நான் சொல்லாமலே, கோணல்மாணலாக இரண்டு வரி சேர்த்திருக்கிறாள். எள் இல்லை. பீச் இல்லை.

நன்றியுடன்,
சுவோனிலிருந்து உங்களில் ஒருத்தி