கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர்

அன்புள்ள மீனா,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமா? உன் கடிதம் நேற்று வந்தது. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கே கிடைத்தது போல இருந்தது. ஆனால் அதில் வயது 60 என்று இருக்கிறது, பிறப்புப் பதிவின்படி 54தான் வருகிறது, ஆளே வேறோ என்று சோர்ந்துபோய் எழுதியிருக்கிறாய். அதற்குள் தூக்கி ஓரமாக வைத்துவிடாதே.

அந்தத் தாளில் இருக்கும் எதையும் உன் தாத்தா சொல்லவில்லை. அவர் போன பிறகு இன்னொருவர் போய்ச் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டது. இறந்த தேதியும் இடமும் சொன்னவருக்கு நேரடியாகத் தெரிந்தவை, பெரும்பாலும் நம்பலாம். வயது, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் எப்போதோ காதில் விழுந்தவை. துக்கத்தில் நிற்பவரிடம் "வயசு என்ன?" என்று கேட்டால் "அறுபது இருக்கும்" என்றுதான் வாயில் வரும். பழைய பதிவேடுகளில் 0-விலும் 5-லும் முடிகிற வயதுகள் அத்தனை இருப்பது இதனால்தான். நான் இப்போதெல்லாம் சான்றிதழைக் கடைசியிலிருந்து படிக்கிறேன். தகவல் தந்தவர் யார், என்ன உறவு, கையெழுத்தா கைநாட்டா என்று பார்த்த பிறகே மேலே போகிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் கொள்ளுப்பாட்டியின் சான்றிதழ். முதலில் நான் தேடியது இறந்த காரணம் மட்டும். 'க்ஷயம்' என்று இருந்தது, அதாவது காசநோய். குறித்துக்கொண்டு உறைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து வேறெதற்கோ எடுத்தபோதுதான் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. 'மகள், உடனிருந்தவர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாருமே கிடையாது. பாட்டியோடு பிறந்தவர்கள் மூவரும் ஆண்கள் என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்லவேளை, நான் வாங்கியிருந்தது தட்டச்சு நகல் இல்லை, பதிவேட்டுப் பக்கத்தின் நிழற்படி. பெயருக்கு மேல் ஒரு கைநாட்டு. மை கூடிப்போய் ஒரு பக்கம் அப்பியிருந்தது, மறுபக்கம் ரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. சின்ன விரல், மீனா. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொள்ளுப்பாட்டிக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பெண் இருந்ததாகச் சொன்னார். க்ஷயம் என்றால் கிட்டே போகவே பயந்த காலம். மூன்று மகன்கள் இருந்தும் கடைசிவரை பக்கத்தில் இருந்தது அவர்தான், அலுவலகம்வரை போய்ப் பதிந்ததும் அவர்தான். எங்கள் வம்சாவளியில் அவருக்கு ஒரு கட்டம் போட்ட அன்றுதான் எனக்கு மனசு ஆறியது.

காரணக் கட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். இங்கிலாந்தில் 1837-ல் பதிவு தொடங்கியபோது மருத்துவர் சான்று கட்டாயம் இல்லை. 1874-ல் வந்த சட்டம்தான் அதைக் கேட்டது. அதற்கு முன் வீட்டார் சொன்னதே காரணமாக ஏறியிருக்கும். பல் முளைத்ததால் குழந்தை இறந்தது என்றுகூட எழுதியிருப்பார்கள். 'டிராப்சி' என்று பார்த்தால் உடம்பில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள். அடியில் இருந்தது இதயக் கோளாறா சிறுநீரகக் கோளாறா என்று அந்தச் சொல் சொல்லாது. பரம்பரை நோய் தேடுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

உன் மருமகன் வழியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் உண்டு என்றாயே, அது பெரிய அதிர்ஷ்டம். அங்கே 1855-ல் பதிவு தொடங்கியதிலிருந்தே இறந்தவரின் தாய் தகப்பன் பெயர் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். பக்கத்து இங்கிலாந்துச் சான்றிதழில் அது கிடையாது. பிறந்த தேதியும் இடமும்கூட 1969-ல்தான் சேர்ந்தன. அப்புறம், இறந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால் மரண விசாரணை நடந்திருக்கலாம். அந்தச் சமயத்துப் பத்திரிகைகளையும் புரட்டிப் பார்க்கச் சொல்.

சரி, தாத்தாவுக்கு வருகிறேன். தகவல் தந்தவர் 'மைத்துனர்' என்று நீயே போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். பாட்டியோடு பிறந்தவர் என்றால், கல்யாணத்தின்போதுதான் தாத்தாவை முதன்முதலில் பார்த்திருப்பார். அவருக்குத் தாத்தா பிறந்த வருஷம் எப்படித் தெரியும்? ஆறு வயது வித்தியாசத்துக்கு எனக்கு இதுவே போதும். ஆனால் உனக்கு உறுதி வேண்டுமே. அந்த மைத்துனரின் பெயரை நீ எழுதவில்லை. தாத்தா பாட்டியின் திருமணப் பதிவை எடுத்து, சாட்சிகளில் அதே பெயர் இருக்கிறதா பார். தொழிலும் விலாசமும் சேர்ந்து ஒத்துப்போனால் ஆள் உன் தாத்தாதான்.

பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு. ஓரங்களையும் சேர்த்து எடு. பின்னால் ஏதாவது திருத்தியிருந்தால் ஓரத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

அன்புடன்,
உன் தோழி