கோர் எண்ணிக்கைய ஏத்தினா மட்டும் எடிட்டிங் ஸ்பீடாகிடாது

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வர்ற கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதிய விடாம படிக்கிற ஆள் நான். போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, 8 கோர் (தனித்தனியா வேலை செய்ற மூளை) 16 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை வரிசை) ப்ராசசர், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு எல்லாம் இருந்தும் கேமராவுல எடுத்த 4கே வீடியோவ எடிட்டிங் சாஃப்ட்வேரோட டைம்லைன்ல போட்டா தட்டுத் தடுமாறி ஓடுது, விண்டோஸோட டாஸ்க் மேனேஜர பாத்தா சிபியூ (அதாவது ப்ராசசர்) 15 சதவீதத்த கூட தாண்டல, என்ன பண்றதுன்னு. அதுக்கு பதில் எழுதினவரு ரெண்டே வரியில, இன்னும் அதிக கோர் இருக்கிற ப்ராசசருக்கு மாறிடுங்கன்னு சொல்லி முடிச்சிட்டாரு. ஏங்க, இருக்கிற கோரே வேலை இல்லாம சும்மா கெடக்குன்னு கேள்வியிலயே சொல்லியிருக்காரே, அதுக்கு பக்கத்துல இன்னும் எட்ட கொண்டு வந்து வச்சா அதுவும் சேந்து சும்மா கெடக்கும், வேற என்ன நடக்கும்? இந்த பதில நம்பி யாராவது காச கரியாக்கிடக் கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

அந்த 15 சதவீதத்துலயே பாதி விஷயம் இருக்கு. 16 த்ரெட் உள்ள மெஷின்ல ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்குல அது 6.25 சதவீதம்தான் காட்டும், ரெண்டு த்ரெட் ஃபுல்லா ஓடினா 12.5. அதாவது 15ன்னு காட்டுறப்போ மெஷின் ஃப்ரீயா இருக்குன்னு அர்த்தம் இல்ல, எங்கயோ ஒரு த்ரெட் ரெண்டு த்ரெட் திணறிட்டு இருக்கலாம், மத்ததெல்லாம் அது முடிக்கட்டும்னு காத்துட்டு இருக்கலாம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியூ கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசசர்ஸ்னு மாத்தினா 16 சின்ன கட்டமா பிரிஞ்சு வரும், வீடியோவ ஓட விட்டுட்டு அத பாக்கணும். ஆனா ஒண்ணு, விண்டோஸ் ஒரே த்ரெட்ட கோர் மாத்தி கோர் தூக்கிப் போட்டுட்டே இருக்கும், அதனால ஒரு கட்டம் மட்டும் அப்படியே நெறஞ்சு நிக்காம ரெண்டு மூணு கட்டம் மாறி மாறி ஏறி எறங்கும், அத பாத்துட்டு வேலைய நல்லா பிரிச்சுக்குதுன்னு நெனச்சிடக் கூடாது.

கோர ஏத்தினா எவ்வளவு லாபம்னு 1967லயே ஜீன் ஆம்டால்னு ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் யோசிச்சு வச்சிட்டுப் போயிட்டாரு. ஒரு வேலையில 80 சதவீதத்த பிரிச்சுக் கொடுக்க முடியும், மீதி 20 சதவீதம் ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்ததுன்னு வரிசையா போயாகணும்னு வைங்க. 8 கோர் போட்டா ஒரு கோர்ல ஓடுறத விட 3.3 மடங்கு வேகம், 16 கோர் போட்டா 4 மடங்கு, கணக்கில்லாம கோர அள்ளிக் கொட்டினாலும் 5 மடங்க தாண்டாது. உங்க பதில்காரர் சொன்னபடி 8ல இருந்து 16க்கு போனா கெடைக்கிறது இந்த 3.3க்கும் 4க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான். புது ப்ராசசர்ல ஒரு கோரோட வேகமே கூடியிருந்தா அது வேற லாபம், அத கோர் எண்ணிக்கை கணக்குல எழுதக் கூடாது.

சாஃப்ட்வேர் பக்கமும் குறை இருக்கு. 2005 வாக்குல டூயல் கோர் வீட்டு கம்ப்யூட்டருக்கு வந்தாச்சு, ஆனா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ங்கிற வீடியோ எஃபெக்ட் சாஃப்ட்வேர்ல ஒரே நேரத்துல பல ஃப்ரேம (வீடியோவுல இருக்கிற தனித்தனி படம்) ரெண்டர் பண்ற, அதாவது கணக்குப் போட்டு உருவாக்குற வசதி 2015ல நீக்கப்பட்டு, புதுசா எழுதின வடிவத்துல திரும்ப வந்தது 2021ல. நடுவுல அத்தன வருசம் 12 கோர் 16 கோர்னு வாங்கி வச்சவங்க கிராஃப பாத்து மண்டைய பிச்சிட்டு இருந்தாங்க. இன்னைக்கும் பழைய ப்ளக்இன் (கூடுதலா சேக்குற குட்டி சாஃப்ட்வேர்) சிலது ஒரே த்ரெட்லதான் ஓடும், அத ஒரு கிளிப்ல போட்டா மொத்த டைம்லைனும் அது பின்னாடி நிக்கும். எஃபெக்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஓட்டிப் பாத்தா இது தெரிஞ்சிடும், நாய்ஸ் ரிடக்ஷன், ஸ்டெபிலைசர், ஸ்லோ மோஷனுக்கு போடுற ஆப்டிகல் ஃப்ளோ, இதுகள்ல ஒண்ணுதான் பெரும்பாலும் மாட்டும்.

எஃபெக்டே இல்லாம வெறும் கட்டிங்லயே திக்குதுன்னா வீடியோ ஃபைல சந்தேகப்படணும், அந்த வாசகர் விஷயத்துல எனக்கு இதுதான் முதல் சந்தேகம். ஃபோனும் சின்ன கேமராவும் எச்.264 இல்லன்னா எச்.265ங்கிற சுருக்கு முறையிலதான் பதிவு பண்ணுது. இடத்த மிச்சம் பிடிக்க ஒரு கணக்கு நோட்டு மாதிரி எழுதி வைக்கும், எப்பவாவது ஒரு தடவ முழு இருப்பையும் எழுதிட்டு அதுக்கப்புறம் வரவு செலவு வித்தியாசத்த மட்டும் குறிச்சுட்டே போறது. முன்னாடி பாத்து ஓட்டுறவரைக்கும் பிரச்சினை இல்ல, ஆனா எடிட்டர் நடுவுல ஒரு எடத்துல போய் கிளிக் பண்ணா அந்த ஃப்ரேம் தனியா அங்க இருக்காது, முன்னாடி இருக்கிற முழு ஃப்ரேம்ல இருந்து ஆரம்பிச்சு வரிசையா அவுத்துட்டு வந்து சேரணும், அதுவும் ஒண்ண முடிக்காம அடுத்தத தொட முடியாத வரிசை. ரிவர்ஸ்ல ஓட்டிப் பாருங்க, இன்னும் மோசமா திக்கும். அதே ஃபைல் சாதாரண ப்ளேயர்ல வழுக்கிட்டு ஓடுதேன்னு நெறைய பேரு கேப்பாங்க, ப்ளேயர் நேரா ஒரே திசையில போகுது, எடிட்டிங்ல யாருங்க அப்படி நேரா போறா.

இதுக்கு ஒரு சுலபமான சோதனை இருக்கு. திக்குற கிளிப்ல ஒரு சின்ன துண்ட மட்டும் ப்ரோரெஸ் இல்லன்னா டிஎன்எக்ஸ்எச்ஆர்ங்கிற எடிட்டிங்குக்கான வகைக்கு மாத்தி, பக்கத்துல இன்னொரு டைம்லைன்ல போட்டு ஓட்டுங்க. இதுகள்ல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா முழுசா இருக்கும். இது வெண்ணெய் மாதிரி ஓடுச்சுன்னா உங்க ப்ராசசர் மேல குத்தம் இல்ல, ஃபைல் வகைதான் வில்லன், ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் போடுற லேசான நகல்) போட்டு வேலைய பாத்துட்டு கடைசியில ஒரிஜினல்ல எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம். ப்ராக்ஸிய நாலுல ஒரு பங்கு அகல உயரத்துல போட்டா பிக்ஸல் கணக்கு 16ல ஒண்ணா குறையும், பழைய லேப்டாப் கூட தாங்கும்.

கிராபிக்ஸ் கார்டு இருக்கே, அது டீகோட் (சுருக்கி வச்ச வீடியோவ விரிக்கிறது) பண்ணாதான்னா, எல்லாத்தையும் பண்ணாது. இங்கதான் கேமரா வாங்குறவங்க ஏமாந்து போறாங்க. 4:2:2 10 பிட் எச்.265 (நிற விவரத்த கூடுதலா வச்சிருக்கிற வகை), இப்ப நல்ல கேமரா பலதுலயும் வர்றது, அத என்விடியா கார்டு நேரா டீகோட் பண்ண ஆரம்பிச்சது 2025ல வந்த 50 சீரிஸ்ல இருந்துதான், அதுக்கு முந்தின கார்டு எவ்வளவு பெருசா இருந்தாலும் பாரம் முழுக்க சிபியூ தலையில விழும். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்ல 11வது தலைமுறையில இருந்து உள்ளயே இருக்கிற கிராபிக்ஸ் இத பாத்துக்கும், ஆனா மாடல் பேருக்கு கடைசியில எஃப்னு இருந்தா அந்த கிராபிக்ஸே கிடையாது. இருந்தாலும் தனி கார்டு மாட்டினதும் சில மதர்போர்டு அத பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ்) தானாவே அணைச்சு வச்சிடும், போய் ஆன் பண்ணணும். டாஸ்க் மேனேஜர்ல ஜிபியூ பக்கத்துல வீடியோ டீகோட்னு ஒரு கிராஃப் இருக்கு, வீடியோ ஓடுறப்போ அது அசையாம 0லயே கெடந்தா கார்டு உதவி பண்ணலன்னு புரிஞ்சுக்கலாம். சாஃப்ட்வேர் செட்டிங்ஸ்ல ஹார்ட்வேர் டீகோடிங் டிக் விட்டுப் போயிருக்கான்னும் பாத்துக்கணும்.

ஃபோன் வீடியோவுக்கு இன்னொரு தொல்லை, ஃப்ரேம் ரேட் ஒரே சீரா இருக்காது, வெளிச்சம் குறைஞ்சா அதுவா மாத்திக்கும், அப்புறம் ஆடியோ விலகும் டைம்லைன் குழம்பும். எடிட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டா நிம்மதி.

டிஸ்க் பத்தி அந்த பதில்ல ஒரு வார்த்தை இல்ல. 1080 ப்ரோரெஸ் 422, 30 ஃப்ரேம்னா செகண்டுக்கு 147 மெகாபிட், அதாவது சுமார் 18 எம்பி. நாலு கேமராவ மல்டிகேம்ல ஒண்ணா ஓட்டினா 73 எம்பி கிட்ட வரும். யூஎஸ்பி 2.0 காகிதத்துலயே 60 எம்பிதான், நடப்புல அதுவும் வராது. சுத்துற ஹார்ட் டிஸ்க் 100க்கு மேல தரும்னாலும் நாலு ஃபைலுக்கு நடுவுல ஹெட் குதிச்சு குதிச்சு படிக்கணும், வேகம் படுத்துடும். அப்போ சிபியூ கிராஃப் தூங்கும், டிஸ்க் கிராஃப் 100லயே நிக்கும்.

ரேமும் அப்படித்தான். ஒரு 4கே ஃப்ரேம் 8 பிட்ல விரிச்சா 33 எம்பி, 30 ஃப்ரேம் சேந்தா ஒரே செகண்டுக்கு 1 ஜிபி, கலர் வேலைக்கு 32 பிட்ல போனா நாலு மடங்கு. 16 ஜிபில பிரவுசர வேற முப்பது டேப்போட தொறந்து வச்சிருந்தா என்ன மிஞ்சும்.

லேப்டாப்காரங்க டாஸ்க் மேனேஜரோட சிபியூ பக்கத்துல இருக்கிற ஸ்பீட் எண்ண பாக்கணும். மொத ரெண்டு நிமிசம் நல்லா ஓடிட்டு அப்புறம் இழுத்துச்சுன்னா, 4 கிகாஹெர்ட்ஸ்ல இருந்த எண்ணு 2க்கு கீழ எறங்கியிருந்தா, அது சூடு. தூசி தட்டி சார்ஜர மாட்டினாலே பாதி சரியாகும். அப்புறம் இன்டெல் 12வது தலைமுறையில இருந்து பெரிய கோர் சின்ன கோர்னு ரெண்டு வகை இருக்கே, சில மெஷின்ல எக்ஸ்போர்ட் போட்டுட்டு விண்டோவ மினிமைஸ் பண்ணா வேலை சின்ன கோருக்கு தள்ளப்பட்டு நேரம் கூடிடும், எக்ஸ்போர்ட் முடியுறவரைக்கும் விண்டோவ மேலயே வச்சிருந்து நேரத்த ஒப்பிட்டுப் பாக்கலாம்.

அதிக கோர் வீண்னு நான் சொல்ல வரல. சிபியூவ வச்சு சாஃப்ட்வேர் என்கோடிங் (வீடியோவ சுருக்கி ஃபைலாக்குறது) பண்றவங்க, ரா ஃபுட்டேஜ்ல (கேமரா பதப்படுத்தாம கொடுக்கிற வீடியோ) வேலை செய்றவங்க, 3டி ரெண்டர் பண்றவங்க தாராளமா வாங்கலாம், அங்க கட்டம் எல்லாம் நெறையும். அப்பவும் வரம்பு இருக்கு. எச்.265 வீடியோ உருவாக்குற எக்ஸ்265 என்கோடர் ஒரு 1080 ஃப்ரேம 64 பிக்ஸல் வரிசையா வெட்டினா 17 வரிசைதான் வரும், கீழ் வரிசை மேல் வரிசைக்கு கொஞ்சம் பின்னாடியேதான் போகணும், அதனால ஒரு ஃப்ரேமுக்குள்ள 17 பேருக்கு மேல வேலை கொடுக்கவே வழியில்ல.

உங்க பதில்காரர்கிட்ட ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி கேள்வி வந்தா ஃபைல் என்ன வகை, எந்த டிஸ்க்ல இருக்கு, ஓட்டுறப்போ எந்த கிராஃப் ஏறுதுன்னு மொதல்ல கேட்டு வாங்கிட்டு அப்புறம் பதில் போடச் சொல்லுங்க. அந்த வாசகரும் ப்ராசசர் வாங்க கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு கிளிப்ப மட்டும் மாத்தி ஓட்டிப் பாத்துட்டு, வீடியோ டீகோட் கிராஃப் அசைஞ்சதா இல்லையான்னு உங்களுக்கு எழுதினா நல்லா இருக்கும், அத அடுத்த வாரமே போடுங்க.

இப்படிக்கு,
எடிட்டிங் டேபிள்லயே குடியிருக்கிற ஒரு வாசகன்