காத்திருக்கிற நேரம் யார் கணக்கில்?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய எக்செல் கணக்கை இரண்டு தடவை பார்த்தேன். நிரந்தர ஆட்களில் பாதிப் பேரைக் குறைத்துவிட்டு, ஆர்டர் வரும்போது மட்டும் கூப்பிட்டுக்கொள்கிற ஆட்களை வைத்தால் சம்பளச் செலவு எவ்வளவு இறங்கும் என்று அழகாகப் போட்டிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. "ஏதாவது விட்டுப்போயிருக்காம்மா?" என்று கேட்டிருந்தாய். விட்டுப்போயிருக்கிறது. ஃபோனில் சொன்னால் நடுவில் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் ஆர்டர் குவிகிறது, அடுத்த வாரம் ஈ ஓட்டுகிறீர்கள். எல்லாரையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டால் கம்பெனி தாங்காது. கம்பெனி படுத்துவிட்டால் அந்தப் பாதிப் பேருக்கும் வேலை இல்லை. கூப்பிட்டால் மட்டும் வருவதையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்: படிக்கிற பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், வேறு வேலை கையில் இருக்க மேற்கொண்டு கொஞ்சம் சம்பாதிக்க நினைப்பவர்கள். அதனால் தற்காலிக வேலை என்றாலே சுரண்டல் என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை.

நான் கேட்பது இதுதான். கூப்பிட்ட நாளுக்குக் கூலி கொடுக்கிறாய், சரி. கூப்பிடுவாயா மாட்டாயா என்று தெரியாமல் அவர்கள் உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிற நாளுக்கு? உன் கணக்கில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.

நான் ஆபரேஷன் தியேட்டரில் ஆன்-கால் டியூட்டி பார்த்த வருஷங்களில் நீ சின்னப் பெண். வெளியிலிருந்து பார்த்தால் அம்மா வீட்டில் சும்மா இருக்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும். குளிக்கப் போனால் ஃபோனை சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளத் துண்டு பக்கத்திலேயே தொங்கும். ஜலதோஷம் பிடித்தாலும் மாத்திரை போட மாட்டேன், தூக்கம் வந்துவிடும் என்று பயம். கொஞ்ச தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குக்கூடப் போக முடியாது. அழைப்பே வராமல் விடிந்த இரவுகள் நிறைய உண்டு, ஆனால் அந்த இரவுகளில் தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அப்படி இருந்தும் எனக்கு மாதச் சம்பளம் தனியாக வந்தது, ஆன்-கால் அலவன்ஸ் தனியாக வந்தது. உன் திட்டத்தில் வருகிறவர்களுக்கு இரண்டும் இல்லை.

இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரின் தன்னார்வத் தீயணைப்பு வீரர் ஒருவர், வீட்டில் காத்திருக்கும் நேரத்துக்கு வழக்குப் போட்டார். கூப்பிட்டால் 8 நிமிடத்துக்குள் நிலையத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு விதி. வீட்டில் இருந்தாலும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்போட்டால் அதுவும் வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018-இல் சொன்னது. அதற்கு முன்பே 2000-இலும் 2003-இலும், மருத்துவமனையிலேயே தங்கி ஆன்-கால் பார்க்கிற மருத்துவர்கள் அங்கே கண்ணயர்ந்தாலும் அது வேலை நேரமே என்று தீர்ப்பு வந்திருந்தது. அந்த நேரத்துக்கு எவ்வளவு கூலி என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபர் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. டிரைவர் தனக்கு அனுமதி உள்ள பகுதியில் ஆப்பைத் திறந்து வைத்து, சவாரி எடுக்கத் தயாராக இருக்கிற நேரமும் வேலை நேரம் என்றது. வண்டியில் ஆள் ஏறிய பிறகுதான் வேலை தொடங்குகிறது என்ற கம்பெனியின் வாதம் எடுபடவில்லை.

நீ சட்டத்துக்குப் பயந்து எதையும் செய்ய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருத்தருடைய நேரம் எவ்வளவு கட்டுண்டு கிடக்கிறது என்று பார்க்கத் தெரிந்துகொள் என்பதற்காகச் சொல்கிறேன். நாலு நாள் முன்னால் சொல்லிக் கூப்பிடுவதும், காலையில் ஆறு மணிக்கு ஃபோன் போட்டு ஏழு மணிக்கு வா என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகையில் அந்த ஆள் வேறு எந்த வேலையையும் ஒத்துக்கொள்ள முடியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்ய முடியாது. வாடகை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். ஒரு மாத வருமானம் குறைவாக இருந்தால்கூட மனிதன் சமாளித்துவிடுவான், எவ்வளவு வரும் என்றே தெரியாததுதான் ஆளைத் தின்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லு. நீ கூப்பிட்டு ஒருத்தர் "இன்றைக்கு முடியாது" என்றால் என்ன ஆகும்? எழுத்தில் ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனால் உன் சூப்பர்வைசர் அடுத்த வாரம் அந்த நம்பரைக் கடைசியில்தான் அழுத்துவார். இரண்டு தடவை முடியாது என்றால் மூன்றாவது தடவை ஃபோனே வராது. வேலையை விட்டு நீக்கவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். காகிதத்தில் இரண்டு பக்கத்துக்கும் சுதந்திரம் என்று இருக்கும், நடைமுறையில் அது உன் பக்கம் மட்டும் இருக்கும். நியூசிலாந்து 2016-இல் இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்டால், அப்படி இருப்பதற்கே நியாயமான ஈடு கொடு, கொடுக்காவிட்டால் அவர் மறுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள்.

இதெல்லாம் ஆப் வந்த பிறகு முளைத்த சங்கதி என்று நினைக்காதே. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் துறைமுகத்தில் காலையில் கேட்டுக்கு முன்னால் கூட்டம் முண்டியடிக்கும், ஃபோர்மன் கை காட்டுகிறவனுக்கு அன்றைக்கு வேலை. சில சமயம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதலாளிகள் சொன்ன காரணம் உன் காரணம்தான்: கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? 1889-இல் அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு ஆறு பென்னி என்பதோடு இன்னொன்றையும் கேட்டார்கள். கூப்பிட்டு எடுத்தால் குறைந்தது நாலு மணி நேரக் கூலி. கூலி உயர்வை எல்லாரும் பேசுவார்கள். எனக்கென்னவோ அந்த நாலு மணி நேரம்தான் கெட்டிக்காரத்தனமான கோரிக்கை என்று படும், ஏனென்றால் ஆளைச் சும்மா வரவழைப்பதற்கு அது விலை வைத்தது. 1947-இல் பிரிட்டன் துறைமுகங்களுக்கென்று தனித் திட்டமே வந்தது. ஆட்களைப் பதிவு செய்து, வேலைக்கு வந்து நின்றும் வேலை கிடைக்காதவர்களுக்கு வருகைப் படி கொடுத்தார்கள். அந்தப் பணம் முதலாளிகள் எல்லாரிடமும் வசூலித்த தொகையிலிருந்து வந்தது. எந்தக் கப்பல் எப்போது வந்தாலும் ஆள் வேண்டும் என்பது எல்லாருக்கும் பொதுத் தேவை, அதனால் செலவும் பொது.

சரி, மனிதாபிமானம் கிடக்கட்டும், லாபத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் கேப் என்ற துணிக்கடை நிறுவனத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ கிளைகளில் 2015 நவம்பரிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை ஒரு சோதனை நடத்தினார்கள். மொத்தம் 28 கடைகள். அவற்றில் ஒரு பகுதிக் கடைகளில் ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரத்தை நிலையாக்கினார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆப் கொடுத்தார்கள். முக்கியமான பகுதிநேர ஆட்களுக்கு வாரம் 20 மணி நேரமாவது வேலை உண்டு என்று சொன்னார்கள். அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது, ஒரு மணி நேர வேலைக்கான விற்பனை 5 சதவீதம் கூடியது. பல நாள் பழகிய ஆளுக்குச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், வந்தவரிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியும், அதுதான் காரணம்.

அந்த ஆய்வில் எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. ஷிப்டுகள் தாறுமாறாக மாறுவதற்குப் பெரும்பாலும் வாடிக்கையாளர் காரணமாக இல்லை. தலைமை அலுவலகம் கடைசி நேரத்தில் தள்ளுபடித் திட்டத்தை மாற்றுவது, சொன்ன அளவில் சரக்கு வராதது, பெரிய அதிகாரிகள் கடையைப் பார்க்க வருவது, இவைதான் அட்டவணையைக் கலைத்தன. நீயும் உன் ரோஸ்டரைக் கடந்த சில மாதத்துக்கு எடுத்துப் பார். ஆர்டர் உண்மையிலேயே திடீரென்று வந்ததா, இல்லை உன் சேல்ஸ்காரர் மூன்று நாள் முன்னால் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்தாரா என்று பார். எனக்குச் சந்தேகம் அந்த சேல்ஸ்காரர் மேல்தான் (அவர் உன் கல்யாணத்துக்கே லேட்டாகத்தான் வந்தார்).

புது ஆளால் ஆகிற நஷ்டத்தை நான் தியேட்டரில் நேரே பார்த்திருக்கிறேன். ஏஜென்சி வழியாக ஒரு நர்ஸ் வருவார், வேலையில் என்னைவிடத் தேர்ந்தவர். டாக்டர் தையல் நூல் கேட்பார். அந்த நூல் எங்கள் அலமாரியில் இடது பக்கம் மூன்றாவது இழுப்பறையில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அவர் முதல் இழுப்பறையைத் திறப்பார், இரண்டாவதைத் திறப்பார், டாக்டரின் கை அந்தரத்தில் நீட்டியபடி நிற்கும். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த மூன்றாவது இழுப்பறை எந்தப் படிப்பிலும் கிடையாது, கூடவே இருந்தால்தான் தெரியும். உன் பேக்கிங் பிரிவிலும் அப்படி எத்தனையோ இழுப்பறைகள் இருக்கும். எந்த மெஷினில் டேப் சிக்கும், எந்த வாடிக்கையாளர் பெட்டியில் ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் அந்தப் பாதிப் பேரின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போகும்.

அப்புறம், நீ என்னதான் செய்வது? பாதிப் பேரைக் குறைக்காதே. வருஷத்திலேயே மந்தமான வாரத்தில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று எண்ணிப் பார், அத்தனை பேரும் நிரந்தரமாக இருக்கட்டும். அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களைக் கூப்பிட்டு எடு, ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் நிச்சயம் என்று எழுதிக் கொடு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பெரிய கடைகளும் ஹோட்டல்களும் 14 நாள் முன்னதாக ஷிப்டைச் சொல்ல வேண்டும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அந்த மணிக்கணக்கில் பாதிக் கூலி கொடுக்க வேண்டும். 14 நாள் உனக்குக் கட்டுப்படியாகாது என்றால் ஒரு வாரமாவது சொல். ரத்து செய்தால் ஏதாவது கொடு. கையை விட்டுக் காசு போகிறது என்றால்தான் உங்கள் ஆட்களும் முன்கூட்டியே யோசிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் கேஷுவல் (நிரந்தரமில்லாத) ஆளுக்கு விடுப்பு போன்றவை இல்லை என்பதால் பொதுவாக மணிக்கூலியில் 25 சதவீதம் கூடுதல் போடுகிறார்கள். அந்தக் கூடுதலையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் உன் கணக்கில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று எனக்கும் ஆவலாக இருக்கிறது. வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டுவிடாதே. வேலையும் தராமல் வேறு வேலைக்கும் விடாமல் இருப்பது அநியாயம், பிரிட்டனில் 2015-இலேயே அந்த நிபந்தனையைச் செல்லாது என்று ஆக்கிவிட்டார்கள்.

அப்பா இதைப் படித்துவிட்டு "அவளுக்குக் கம்பெனி நடத்தவே நீ சொல்லிக் கொடுப்பியா?" என்கிறார். அவர் கிடக்கட்டும். உனக்கு ஆட்களை அனுப்பப்போகிற ஏஜென்சிக்காரர் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு. "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்பது எத்தனை இடத்தில் வருகிறது என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். எதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அனுப்பு.

அன்புடன்,
அம்மா