குப்பைல போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிருக்கலாம்

பாப்பா,

நேத்து ராத்திரி நீ போன வச்சதுக்கப்புறம் எனக்கு தூக்கமே வரல. நீ அழுததுக்காக இல்ல, உன் அழுகை பத்து நிமிஷத்துல அடங்கிடும்னு எனக்குத் தெரியும், ஆனா நடுவுல "டின்னோட குப்பைல கவுத்துட்டேன்பா"ன்னு சொன்ன பாரு, அதுதான் உள்ள கிடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. 250 கிராம் வெண்ணெய், 4 முட்டை, சர்க்கரை, மைதா, எல்லாம் நல்ல சாமான், கெட்டுப்போனது ஒண்ணுகூட இல்ல, நடுவுல குழி விழுந்துச்சுங்கிற ஒரே குத்தத்துக்கு மொத்த கேக்குக்கும் தண்டனை. போன்ல சொன்னா "அப்பா ப்ளீஸ், இப்ப வேணாம்"ம்ப, அதான் எழுதறேன், பொறுமையா படி. குப்பைல போனத மட்டும் திருப்பி எடுத்துடாத தாயே, அது போனது போனதுதான்.

20 நிமிஷத்துலயே ஓவன தொறந்து பாத்தேன்னு நீயே சொன்ன. அந்த நேரத்துல மேல பாக்க நல்லா உப்பி அழகா இருக்கும், உள்ள நடுப்பகுதி இன்னும் வெறும் மாவுதான். முட்டையும் மைதாவும் வெந்து இறுகினாதான் காத்துக்குமிழிய தாங்கிப் பிடிக்கும், இறுகறதுக்கு முன்னாடி சூடு டக்குனு எறங்கிட்டா தாங்க ஆளில்லாம அப்படியே உக்காந்துடும். ஓரம் டின்ன ஒட்டி இருக்கறதால சீக்கிரம் வெந்துடுது, அதான் ஓரம் நிமிந்து நின்னுச்சு நடு பள்ளமாச்சு. இதே தப்ப நான் எத்தன தடவ பண்ணிருக்கேன்னு உங்கம்மாவ கேளு, இல்ல கேக்காத, அவ கணக்கு வச்சிருக்கா.

இந்த மாதிரி ஆகும்போது டின்ன கைல வச்சுக்கிட்டு நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், போனது ரூபமா ருசியா? ரூபம்தான்னா ஒண்ணும் நஷ்டம் இல்ல, அது கேக்காதான் இருக்கணும்னு நாமதான் அடம்பிடிக்கறோம். ருசியே போச்சுன்னா விட்டுடு. பேக்கிங் பவுடருக்கு பதிலா அதே அளவு பேக்கிங் சோடாவ போட்டுட்டா, சோடாவுக்கு வேகம் மூணு நாலு மடங்கு ஜாஸ்தி, சோப்ப நக்கின மாதிரி இருக்கும், மேல எத்தன க்ரீம் தடவினாலும் நாக்குல வந்து நிக்கும். சர்க்கரைன்னு நெனச்சு உப்ப கொட்டினதும் அப்படித்தான். அடி மட்டும் கருகிருந்தா பல்லு வச்ச கத்தியால சீவி எறிஞ்சுட்டு மிச்சத்த சாப்பிடலாம், புகை வாடை உள்ள வரைக்கும் ஏறிடுச்சுன்னா முடிஞ்சுது கதை. அதையும் காப்பாத்தறேன்னு நல்ல பாலயும் முட்டையயும் அது தலைல கொட்டி ரெண்டயும் சேத்து வீணாக்கின ஆள் நான், அதனால சொல்றேன்.

உன்னோடது ரூபம்தான் போச்சு. ஓரம் நல்லா வெந்திருந்துச்சுன்னு சொன்னல்ல, அத மோதிரம் மாதிரி சுத்தி வெட்டி எடுத்து, கட்டம் கட்டமா நறுக்கி, கண்ணாடி டம்ளர்ல ஒரு அடுக்கு கேக், ஒரு அடுக்கு ஆறின கஸ்டர்ட், ஒரு அடுக்கு பழம்னு போட்டு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தா போதும், ட்ரைஃபிள்னு பேர் சொல்லி நீட்டிருக்கலாம், வெறுங்கையோட போயிருக்க வேணாம். உன் ஃப்ரெண்டு என்ன, எதுக்குள்ள எது இருந்துச்சுன்னு ஆராய்ச்சியா பண்ணப்போறா.

நடுவுல இருந்த அந்த ஈரமான பகுதி வேற விஷயம். அத அப்படியே டம்ளர்ல போடக்கூடாது, பச்ச மாவும் பச்ச முட்டையும் வயித்துக்கு ஆகாது, இதுல மட்டும் அலட்சியம் வேணாம். அத திருப்பி வேக வைக்கணும். ஸ்பூனால தோண்டி எடுத்து தட்டுல பரத்தி 150 டிகிரில 20, 25 நிமிஷம், நடுவுல ஒரு தடவ கிளறிவிட்டு, உள்ள ஈரமே இல்லாம நல்லா காயற வரைக்கும் விட்டுட்டா மொறுமொறுன்னு தூள் ஆயிடும். பிஸ்கட்ங்கிற வார்த்தைக்கே ரெண்டு தடவ சுட்டதுன்னுதான் அர்த்தம், நாம ஒண்ணும் புதுசா பண்ணல. இந்த தூள் 200 கிராம் இருந்தா 80 கிராம் உருக்கின வெண்ணெய் ஊத்திப் பிசைஞ்சு டின் அடில அமுக்கினா சீஸ்கேக்குக்கு அடித்தளம் ரெடி. கேக்குலயே ஏற்கனவே வெண்ணெய் இருக்கு, அதனால ஒரேடியா ஊத்தாம பாத்துப் பாத்து ஊத்து, கைல பிடிச்சா பிடி நிக்கணும், அவ்ளோதான்.

இதுக்கெல்லாம் பொறுமை இல்லன்னா புட்டிங். 300 கிராம் கேக் துண்டு, 400 மில்லி பால், 3 முட்டை, சர்க்கரை ரெண்டே டேபிள்ஸ்பூன், கேக்கே இனிப்புதானே. பாலயும் முட்டையயும் அடிச்சு துண்டு மேல ஊத்தி 20 நிமிஷம் ஊறவிட்டு 170 டிகிரில ஒரு 40 நிமிஷம். நடுவுல கத்தி விட்டா ஒட்டாம வரணும். இதுல வேகாத பகுதியும் சேந்து வெந்துடும், அதனால பிரிச்செடுக்கற வேலையும் மிச்சம். சுடச்சுட சாப்பிடு.

போன மாசம் நான் பண்ண கூத்த உன்கிட்ட சொல்லவே இல்ல. ஆரஞ்சு கேக், எண்ணெய் ஊத்தி பண்றது, எல்லாத்தையும் அளந்து வரிசையா வச்சுட்டுதான் ஆரம்பிச்சேன், ஆனா சர்க்கரை கிண்ணத்துல எறும்பு வரும்னு ஒரு தட்டு போட்டு மூடி வச்சேன், மூடினத மறந்தேன். ஓவன்லேந்து வெளிய வந்தப்பதான் சந்தேகம், மேல நிறமே ஏறல, வெளிறிப்போய் நோயாளி மாதிரி ஒரு கேக். திரும்பிப் பாத்தா தட்டுக்கடில 200 கிராம் சர்க்கரை சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு ஓரத்த பிச்சு வாயில போட்டேன், சப்புன்னு, அதோட தொண்டைய அடைக்குது. சர்க்கரை வெறும் இனிப்புக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், கேக்குக்குள்ள ஈரத்த பிடிச்சு வச்சு மிருதுவாக்கறதே அதுதான்னு அன்னிக்குதான் உறைச்சுது.

சரி, உள்ள போகாதது வெளியேந்து போகட்டும்னு அந்த 200 கிராம அப்படியே 200 மில்லி தண்ணில கொட்டி ஆரஞ்சு தோல கொஞ்சம் சீவிப்போட்டு 5 நிமிஷம் கொதிக்கவிட்டேன். கேக் அதுக்குள்ள ஆறிடுச்சு. பின்னல் ஊசிய கழுவி எடுத்து (உங்கம்மாவோடதுதான்) ஒரு விரக்கட விட்டு ஒரு விரக்கட கேக் முழுக்க அடி வரைக்கும் குத்தினேன், அப்புறம் சூடான பாக கரண்டி கரண்டியா ஊத்தினேன் பாரு, முதல் கரண்டி மேலயே குளம் மாதிரி நின்னுச்சு, போச்சுடான்னு நெனச்சேன், காதக் கிட்ட கொண்டு போனா சின்னதா ஒரு சத்தம், காஞ்ச மண்ணுல தண்ணி எறங்கற மாதிரி, ஓட்டை ஓட்டையா குமிழி விட்டுக்கிட்டு மொத்தமும் உள்ள எறங்கிடுச்சு. அடுத்த கரண்டி, அதுவும் எறங்கிடுச்சு. அத்தனை பாகையும் குடிச்சுட்டு அந்த வெளிறின மூஞ்சி பளபளன்னு ஆயிடுச்சு. மறுநாள் வரைக்கும் மூடி வச்சு வெட்டினா கத்தி வெண்ணெய்ல போற மாதிரி போச்சு.

உன் ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வரேன், ஏன்னா அதயும் நீ இன்னிக்கு சாயங்காலம் குப்பைக்கு அனுப்பிடுவ. விப்பிங் க்ரீம் திரி திரியா ஆயிடுச்சுன்னு சொன்னல்ல, பீட்டர ஓடவிட்டுட்டு போன் பாத்திருப்ப. இன்னும் தண்ணி பிரியலன்னா அடிக்காத க்ரீம் ரெண்டு மூணு ஸ்பூன் ஜில்லுன்னு ஊத்தி ஸ்பாட்டுலாவால மெதுவா மடிச்சு மடிச்சு கலக்கு, பீட்டர தொடவே தொடாத, சரியாயிடும். தண்ணி பிரிஞ்சு மஞ்சளா கட்டி தட்டிடுச்சுன்னா அது க்ரீம் இல்ல, வெண்ணெய், திருப்பி க்ரீமா ஆக்க முடியாது, அதனால முழுசா அடிச்சு பிழிஞ்சு எடுத்துடு. சர்க்கரை ஏற்கனவே சேந்திருக்கு, அடுத்த தடவ குக்கீஸ் பண்றப்ப போட்டுக்கலாம். ஃப்ரிட்ஜ்லயே வை.

அப்புறம் அந்த சாக்லேட். உருக்கும்போது திடீர்னு மண்ணு மாதிரி கெட்டியாச்சுன்னா எங்கயோ ரெண்டு சொட்டு தண்ணி பட்டிருக்கு, ஈர ஸ்பூனா இருக்கும், இல்லன்னா கீழ கொதிச்ச ஆவி. சாக்லேட்டுக்குள்ள இருக்கற சர்க்கரையும் கோகோவும் அந்த கொஞ்சூண்டு ஈரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. கேட்டா வேடிக்கையா இருக்கும், கொஞ்சம் தண்ணி பட்டா கெடும், நிறைய பட்டா பொழைக்கும், 100 கிராமுக்கு சூடான பால் 3 டேபிள்ஸ்பூன், ஒவ்வொண்ணா ஊத்திக் கலக்கு, மூணாவது ஸ்பூன் போறப்ப திடீர்னு வழவழன்னு திரும்பி வரும். அதுல எதையும் முக்கி எடுத்து மேல்பூச்சா காய வைக்க முடியாது, ஆனா சாஸ்ஸா புட்டிங் மேலயோ ஐஸ்க்ரீம் மேலயோ ஊத்தலாம். கிண்ணத்த இன்னும் கழுவலல்ல? நீ எங்க உடனே கழுவப்போற.

அந்த ஆரஞ்சு கேக்க உங்கம்மா ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு "புதுசா ஏதோ கத்துக்கிட்டு வந்திருக்கீங்க, நல்லாருக்கு, அடுத்த வாரமும் பண்ணுங்க"ன்னா. நான் ஒண்ணும் பேசல. இப்ப மூணு வாரமா சர்க்கரைய வேணும்னே மறந்து அதே கேக்க பண்ணிட்டிருக்கேன். அவகிட்ட சொல்லிடாத, பின்னல் ஊசி விஷயத்த சுத்தமா வாய தொறக்காத.

அப்பா