ஆறரை மணிக்குப் பூட்டும் கதவு: கல்லூரி முதல்வர்களுக்கும் மகளிர் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள். இப்போது கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். விடுதி இல்லாவிட்டால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன். அந்த நன்றியை மனதில் வைத்துக்கொண்டுதான், மகளிர் விடுதிக் கதவு சீக்கிரமே பூட்டப்படும் இந்தக் குறையை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஊரிலிருந்து காலை 6.40 டவுன் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் பிடிக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகிவிடும். அந்தப் பருவத்தில் இரண்டு அரியர். அடுத்த பருவம் விடுதியில் சேர்ந்தேன். தினமும் நாலு மணி நேரம் என் கைக்கு வந்தது. இரண்டு அரியரையும் அந்தப் பருவத்திலேயே எழுதி முடித்தேன்.

விடுதி எனக்கு ஆட்களையும் கொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த எனக்கு, இரண்டாம் ஆண்டு ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவும் பாடம்) வகுப்பு இருட்டாக இருந்தது. எப்சிலான், டெல்டா என்று, சின்னச் சின்ன இடைவெளிகளைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் பலகை நிறைய ஓடும். பார்த்து எழுதிக்கொள்வேன், ஒன்றும் ஏறாது. எதிர் அறையில் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் இருந்தார். ஒரு நாள் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு வளைகோடு போட்டார். “நீ எவ்வளவு குட்டி எப்சிலான் வேணும்னாலும் கேளு. அதுக்குள்ள அடங்குற மாதிரி நான் ஒரு டெல்டா தர்றேன். நீ எப்பக் கேட்டாலும் என்னால தர முடிஞ்சா, அதுதான் தொடர்ச்சி” என்றார். நான் கேட்கக் கேட்க அவர் கோடு போட்டுக்கொண்டே போனார். இன்றைக்கும் வகுப்பில் அந்தப் பாடத்தை நான் அப்படித்தான் நடத்துகிறேன்.

ஒன்பது மணிக்கு மாடிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பத்து மணிக்கு அறை விளக்கு அணையும். மிச்சக் கணக்கைக் குளியலறைக்குப் போகும் வழியில் எரியும் ஒற்றை பல்புக்குக் கீழே உட்கார்ந்து போடுவோம்.

இனி குறைக்கு வருகிறேன். எங்கள் நூலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். மகளிர் விடுதிக் கதவு ஆறரைக்குப் பூட்டப்படும். மாணவர் விடுதியில் வருகைப் பதிவு ஒன்பதரைக்கு. வெளியே எடுத்துப்போக முடியாத ரெஃபரன்ஸ் புத்தகங்களை மாணவர்கள் எட்டு மணி வரை வைத்துப் படிப்பார்கள். நாங்கள் ஆறு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். ஒரே கட்டணம், ஒரே வினாத்தாள். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். என்னிடம் இப்போது படிக்கும் மாணவிகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

கைபேசியும் அப்படித்தான். ஒன்பது மணிக்குப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஐஐடி போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களுக்கு வாராந்திர ஒப்படைப்பின் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அந்தப் பாடங்களை எடுக்கச் சொல்லி மாணவிகளைத் தூண்டுவது நாம்தான். கைபேசியை வாங்கிப் பூட்டுவதும் நாம்தான். கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசி கூடாது என்ற விதியை ஏற்காத மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது.

பாதுகாப்புக்காகத்தான், பெற்றோரே கேட்கிறார்கள் என்பீர்கள். பெற்றோரின் பயம் எனக்குத் தெரியும். என் அப்பாவும் பயந்தவர்தான். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளே, மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை அவர்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்கின்றன. நூலகத்திலிருந்து விடுதிக்கு வரும் வழி நம் வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அது இருட்டாக இருந்தால் விளக்குப் போட வேண்டியது நம் பொறுப்பு.

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்கு வர வேண்டும் என்று 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தருகிறது தமிழ்நாடு அரசு. அப்படி வருகிறவர்களில் பலர் அவர்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள். அவர்களுக்கு நூலகமும் எதிர் அறை அக்காவும்தான் ட்யூஷன்.

நூலகம் மூடி அரை மணி நேரம் கழித்து விடுதிக் கதவைப் பூட்டுங்கள். அந்த வழியில் விளக்கும் ஒரு காவலரும் இருக்கட்டும். ஓர் அறையை இரவு முழுக்கப் படிக்கவென்று திறந்து வையுங்கள். மேசையும் மின்விசிறியும் போதும். கைபேசியை அவரவர் கையிலேயே விட்டுவிடுங்கள். வரும் பருவத் தேர்வுக்கு முன்பே இதைச் செய்ய முடியும். விடுதிக் குழுக் கூட்டத்தில் இரண்டு மாணவிகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்வார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் விடுதி மாணவி, இந்நாள் கணித ஆசிரியை