3.8-இல் நிறுத்திவிட்டேன்

சென்னை
9 நவம்பர் 2025

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இன்னும் மூன்று வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். நேற்றுக் காலையில் காலண்டரைக் கிட்டே கொண்டுவரச் சொல்லாமல், நாற்காலியில் இருந்தபடியே நல்ல நேரம் படித்துச் சொன்னார்கள். உன் மகள் விடுதியில் ஒட்டிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாயே, அதுவும் நிம்மதி. முதல் மாதம்தான் கஷ்டம், அப்புறம் வீட்டுக்கு வரத்தான் நேரம் இருக்காது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்க நாம் எழுதிய லைப்ரரிக்கு (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), அது ஓடத் தேவையான குறைந்தபட்சப் பைத்தான் மொழிப் பதிப்பை உயர்த்தப் போகிறேன் என்றதும், "எங்கள் லேபில் முப்பதும் விண்டோஸ் 7, எங்களை விட்டுவிட்டுப் போய்விடாதே" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் இரண்டு நாள் நிரலைத் தொடவில்லை. இப்போது முடிவு செய்துவிட்டேன். 3.6-இலிருந்து 3.8-க்கு ஏற்றுகிறேன், அதற்கு மேல் இல்லை. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8தான், 3.9 அதில் ஏறாது. உன் பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் வராது.

2011-இல் நாம் இதை ஆரம்பித்தபோது இருந்த நிலைமை ஞாபகம் இருக்கிறதா? 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து நீளம் கேட்டால் பைத்தான் 2 பதினைந்து என்றது. முன்னால் ஒரு 'யூ' (u) போட்டு, இது யூனிகோடு என்று சொன்னால் ஐந்து என்றது. நமக்கு வேண்டியதோ மூன்று. கணினி சேமிக்கும் பைட்டாக எண்ணினால் பதினைந்து, உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடு குறியீடாக எண்ணினால் ஐந்து, தமிழாக எண்ணினால் த, மி, ழ் என்று மூன்று. இந்த மூன்று கணக்கும் எங்கே ஒன்றோடொன்று மோதுகிறது என்று தேடியே உன் வீட்டு மாடியில் ஒரு கோடை விடுமுறை முழுக்கப் போயிற்று. பைத்தான் 3 அப்போதே வந்திருந்தது, 2008 டிசம்பரிலேயே. ஆனால் நாம் எழுதி வைத்திருந்த 'யூ' அதற்குப் பிடிக்கவில்லை. 2012-இல் 3.3 வந்து அந்த 'யூ'வைத் திரும்ப ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்ட முடிந்தது. பைத்தான் 2-இன் கடைசிப் பதிப்பான 2.7-க்கு ஆதரவு முதலில் 2015 வரை என்று கெடு வைத்தார்கள், பிறகு 2020-க்குத் தள்ளினார்கள். அத்தனை வருடமும் நாம் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுத்துகளைச் சேமிக்கும் முறையைச் சொல்லும் யுடிஎஃப்-8 அறிவிப்பும், ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் ஒரு 'யூ'வுமாக இரட்டைக் குடித்தனம் நடத்தினோம். 2.7-ஐ விட்ட அன்று அந்த 'யூ'க்களை எல்லாம் அழித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. தமிழைத் தமிழாக எழுதினால் போதும் என்ற நிலைக்கு வர அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

இப்போது 3.6, 3.7 இரண்டையும் விடுவதற்கு இரண்டு காரணம். முதல் காரணம், 3.6-இல் டெஸ்ட் ஓட்ட எனக்கு இடம் இல்லை. டெஸ்ட் ஓட்ட நாம் பயன்படுத்தும் இணையச் சேவையில் அந்தப் பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டார்கள். ஓட்டிப் பார்க்காத பதிப்பை ஓடும் என்று எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நம்பி இறக்குகிறவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் உனக்குப் பிடிக்கும். முந்திரி, காணி, மா போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடு 12-இல்தான் சேர்ந்தன. பைத்தான் 3.7-க்குள் இருக்கும் எழுத்துப் பட்டியல் யூனிகோடு 11 வரைதான். 3.8-இல் 12.1 இருக்கிறது. முந்திரிக் குறியைக் கொடுத்து மதிப்புக் கேட்டால் 3.8 உடனே 0.003125 என்கிறது, அதாவது 320-இல் 1. 3.7 அதை எண் என்றே ஒப்புக்கொள்ளாது. அதற்காகத்தான் நான் கையால் ஓர் அட்டவணை எழுதி உள்ளே வைத்திருந்தேன். போன மாதம் ஒருவர் தாத்தா காலத்து நிலக் கணக்கைத் தட்டச்சு செய்தபோது கூட்டல் இடிக்கிறது என்று எழுதினார். பார்த்தால் என் அட்டவணையில் மாவும் மாகாணியும் இடம் மாறி இருக்கின்றன. 20-இல் 1 இருக்க வேண்டிய இடத்தில் 16-இல் 1. ஆறு வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. பழைய பதிப்பைத் தாங்குவதற்காக நாமே எழுதி வைப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தவறு அங்கேதான் குடியிருக்கிறது. 3.8 என்று வைத்துவிட்டால் அந்த அட்டவணையே வேண்டாம்.

மதுரையில் படிக்கும் ஒரு பெண் நமக்கு அவ்வப்போது நிரல் அனுப்புகிறாள். அவள் 3.11 என்று வைக்கச் சொன்னாள். 3.14 வந்தாயிற்று, 3.9-க்கே ஆதரவு முடிந்தது, எண் கணக்குக்கான 'நம்பை' லைப்ரரியும் பழைய பைத்தான் பதிப்புகளைக் கணக்கு வைத்து விட்டுவிடுகிறது, நாம் ஏன் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நம்பைக்கு அந்தக் கணக்கு தேவை. அதன் உள்ளே சி மொழி நிறைய இருக்கிறது, ஒவ்வொரு பைத்தானுக்கும் தனித்தனியாகக் கட்டி அனுப்ப வேண்டும். நம்முடையது சுத்தப் பைத்தான், வேறு எதையும் சார்ந்தும் இல்லை. 3.8-ஐ வைத்துக்கொள்வதால் நமக்குப் போவது சில புது வசதிகள்தான். முப்பது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை அதற்காக வெளியே நிறுத்த நான் தயாராக இல்லை. அவளிடம் இதை அப்படியே எழுதினேன். புரிந்துகொண்டாள். 3.8-க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் போன வருடமே நின்றுவிட்டன என்பது எனக்கும் உறுத்தல்தான். உன் லேபில் இணையம் இல்லை, நீ பென்டிரைவில் கொண்டுபோய்த்தான் போடுகிறாய் என்பதால் துணிந்தேன்.

2021-இல் செய்த தப்பை இந்த முறை செய்யவில்லை. அப்போது 3.5-இலிருந்து 3.6-க்கு ஏற்றினேன், ஆனால் எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும் வரியை அமைப்புக் கோப்பில் எழுத மறந்துவிட்டேன். ஒரு பத்திரிகையின் அச்சுப் பிரிவில் 3.5 வைத்திருந்தார்கள். லைப்ரரிகளை இறக்கித் தரும் பிப் தடுக்காமல் நம் புதுப் பதிப்பை இறக்கிவிட்டது, முதல் வரியிலேயே இலக்கணப் பிழை, இதழ் முடிக்கும் ராத்திரியில் வேலை நின்றது. அடுத்த பதிப்பில் அந்த வரியைச் சேர்த்தேன். அப்படியும் தீரவில்லை. பிப் அந்தப் புதியதைத் தாண்டி, வரி இல்லாத கெட்ட பதிப்பையே மறுபடி எடுத்துக் கொடுத்தது. அந்தக் கெட்ட பதிப்பைப் பொதுப் பட்டியலில் திரும்பப் பெற்ற பிறகுதான் சரியாயிற்று. அவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இப்போது முதல் வேலையாக அந்த வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேன். 3.6-இல் இருப்பவர்களுக்குப் பழைய பதிப்பு அங்கேயே இருக்கும். மா, மாகாணி திருத்தத்தை மட்டும் அதிலும் சேர்த்து ஒரு கடைசி வெளியீடு விடுகிறேன்.

ஓர் உதவி செய். வெளியிடுவதற்கு முன் கோப்பை உனக்கு அனுப்புகிறேன். லேபில் இருப்பதிலேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு டெஸ்ட் முழுவதையும் ஓட்டிப் பார்த்து, வரும் வெளியீட்டை அப்படியே எனக்கு அனுப்பு. என்னிடம் விண்டோஸ் 7 எங்கும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அங்கே வருகிறேன், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
ரவி