தம்பி, ஈஸ்டருக்குப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வருகிறேன்

அன்புள்ள தம்பி,

ஒப்புக்கொண்டுவிட்டேன். 2025 ஏப்ரல் 19 முதல் 21 வரை நடக்கும் கரிஃப்டா தடகளப் போட்டிக்கு ஓர் அணியின் பிசியோதெரபிஸ்டாக வருகிறேன். எந்த அணி என்று இங்கே எழுதப்போவதில்லை. அம்மா உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார். முன்பும் கேட்டார்கள், ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவந்தேன். உண்மையான காரணம் நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னவர்தான் யாரும் இல்லை. இந்த முறை போட்டி நீ குடியிருக்கும் ஊரிலேயே, டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலேயே நடக்கிறது. ஹேஸ்லி கிராஃபோர்டு அரங்கத்திலிருந்து உன் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். அவ்வளவு அருகில் வந்து, உன் கையால் சோறு சாப்பிட்டுவிட்டு, 2016-ஐப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விமானம் ஏற என்னால் ஆகாது.

தொலைபேசியில் இதை எடுத்தால் நீ மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினால் திருநெல்வேலியிலிருந்து பெரியம்மா வரை சமாதானத் தூது வந்துவிடும். இந்த வலைப்பதிவை நீ ஒன்றுவிடாமல் படிப்பதாக அம்மா சொன்னார். அதனால் இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே சிலருடைய பெயர்கள் இதில் வராது. அவர்களில் ஒருவர் இன்னும் அதே பொறுப்பில் இருக்கிறார், நல்ல மனிதர், அன்று அவர் செய்ததில் எந்தப் பிழையும் இல்லை.

அந்த மற்றவர்களுக்காகச் சில வரிகள். நீ தாவிச் சென்றுவிடு. கரிபியன் தீவுகளின் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் தடகளப் போட்டி கரிஃப்டா. 1972-இல் பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் ஆஸ்டின் சீலி. அவர் பெயரில்தான் சிறந்த வீரருக்கான விருது இன்றும் வழங்கப்படுகிறது. கரிஃப்டா என்பது உண்மையில் ஒரு வர்த்தகச் சங்கத்தின் பெயர். அந்தச் சங்கம் மறு ஆண்டே காரிகாம் என்ற கரிபியன் நாடுகளின் கூட்டமைப்புக்கு வழிவிட்டு மறைந்தது. பிள்ளைகளின் ஓட்டம் மட்டும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. உசேன் போல்ட் முதலில் வெளித் தீவில் ஓடியது 2001-இல் இதே போட்டியில்தான், அப்போது கிடைத்தது வெள்ளி. அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் கையில் கடிகாரத்துடன் வேலியோரம் நிற்பார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் எங்கள் கிரெனடா போன்ற தீவில், ஒரு பிள்ளை அந்த வேலியோரத்துக் கண்களில் பட்டுவிட்டால் வீட்டின் தலைவிதியே மாறிவிடும். நம் வீட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை, அப்பாவின் சம்பளம் இருந்தது. ஆனால் உனக்குள் அதைவிடப் பெரிய நெருக்கடி ஒன்று இருந்தது. நீ அங்கே பிறந்தவன், நான் பிறக்கவில்லை. இந்த மண் என்னுடையதும்தான் என்று பச்சை, மஞ்சள், சிவப்புச் சட்டையில் ஓடிக் காட்ட வேண்டும் என்று நீ துடித்தது எனக்குத் தெரியும். யாரும் உன்னிடம் கேட்காத சான்றிதழ் அது. ஆனாலும் கொடுக்க விரும்பினாய்.

2012 ஆகஸ்டில் கிரானி ஜேம்ஸ் லண்டனில் 43.94 விநாடியில் ஓடி நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாக, வாங்கித் தந்தபோது நீ தொலைக்காட்சியின் முன்னால் நிற்கவே இல்லை. கடைசி 50 மீட்டரில் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து 400 மீட்டர்தான் உனக்கு எல்லாம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

2016 மார்ச் 27. ஈஸ்டர். அந்த ஆண்டு கரிஃப்டா நம் ஊரிலேயே, கிரெனடாவில் நடந்தது. குயின்ஸ் பார்க்குக்கு மேலே வானம் முழுக்கப் பட்டங்கள். முகாமிலிருந்து சிறிது நேர அனுமதி வாங்கிக்கொண்டு சாப்பிட வீட்டுக்கு வந்தாய். மறுநாள் 4×400 தொடர் ஓட்டத்தில் நான்கு பேரில் ஒருவனாக உன் பெயர் இருந்தது. அம்மா உனக்காகக் காலையிலிருந்து சமைத்திருந்தார். நீ தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டாய். பயிற்சி உடையில் நிற்பவன் அப்படித்தான் நிற்பான் என்று அம்மா நினைத்தார். நான் கிங்ஸ்டனில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்தவள். உன்னைக் கடந்து தண்ணீர் எடுக்கப் போனபோது ஜாதிக்காய்த் தைலத்தின் வாசனை அடித்தது. கிரெனடாவில் ஜாதிக்காய் வாசனை அடிக்காத வீடு இல்லைதான். ஆனால் பதினாறு வயதுப் பையனின் கால்சட்டைக்குள்ளிருந்து, வலிக்குத் தேய்க்கும் தைலம், அவ்வளவு அடர்த்தியாக?

பின்படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்க் குப்புறப் படுக்கச் சொன்னேன். மறுக்கவில்லை. இடது தொடையின் பின்தசையில், மேலிருந்து நான்கு விரல் இறங்கிய இடத்தில் என் கட்டைவிரல் பட்டதும் உன் கால்விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கின. வாயிலிருந்து சத்தமே வரவில்லை. முழங்காலை மடக்கி என் கையை எதிர்த்து இழு என்றேன். இழுத்தாய், கெண்டைக்கால் வரை நடுங்கியது. தசைக்குள் ஓரிடத்தில் கயிறு முறுக்கேறி நிற்பதுபோல் ஒரு திரட்சி. பள்ளிகளுக்கிடையே நடக்கும் இன்டர்கால் போட்டியில் தகுதிச் சுற்றும் இறுதிச் சுற்றுமாக அடுத்தடுத்து ஓடினாயே, அப்போதே தொடங்கிவிட்டது என்று பிறகுதான் சொன்னாய். அன்று சொன்னது வேறு. முகத்தைத் திருப்பாமல், சிமெண்டைப் பார்த்தபடி, "அக்கா, ஒரே ஒரு சுற்று. அதற்குப் பிறகு ஆறு மாதம் வேண்டுமானாலும் படுத்துக்கிடக்கிறேன்" என்றாய்.

நான் பதில் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தைலப் புட்டியை எடுத்து வா என்றேன். இன்னொரு முறை தேய்த்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எழுந்துபோகும்போது என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் காலை நான் யாரிடம் போய் என்ன சொன்னேன் என்பது உனக்குத் தெரியும். இங்கே அதற்கு மேல் வேண்டாம்.

மன்னிப்பு என்று ஒன்று கேட்பதானால் அந்த இரவு உன்னிடம் நேராகச் சொல்லாததற்குக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்கமாட்டேன். ஆனால் உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? நீ விடியும்வரை கெஞ்சியிருப்பாய். உன் கெஞ்சலுக்கு நான் எப்போது தாக்குப்பிடித்திருக்கிறேன்? ஐவன் புயலில் கூரை பறந்த இரவில், ஐந்து வயதில், என் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நீ. அன்று இரவு முழுவதும் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவள் நான். இளகியிருப்பேன். நீ ஓடியிருப்பாய். வேகமாக ஓடுபவனின் பின்தொடைத் தசை எங்கே அறுபடும் என்று இப்போது உனக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன்: முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, தசை நீண்டுகொண்டே அந்தக் காலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறதே, அந்த நொடியில். 400 மீட்டரின் கடைசி நூறில், உடல் சோர்ந்து கால் நிதானம் இழக்கும்போது, ஏற்கெனவே காயம்பட்ட தசைக்கு அந்த நொடி ஒவ்வோர் அடியிலும் வரும். நான்கு பேருடைய பேட்டன் உன் கையில் இருக்கும்போது வரும்.

நாம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். போல்ட்டை வைத்துச் சண்டை போட்டிருக்கிறோம். 2004 ஈஸ்டரில் பெர்முடாவில் பதினேழு வயதில் 200 மீட்டரை 19.93-இல் ஓடினாரே, இருபதுக்குக் கீழ் ஓடிய முதல் ஜூனியர் அவர்தானே, கால் வலிக்கிறது என்று யாருடைய அக்காவாவது போய்ச் சொன்னாளா என்பாய். அதே ஆண்டு ஆகஸ்டில் காயத்தோடு ஏதென்ஸுக்குப் போய் முதல் சுற்றிலேயே வெளியேறியதும் அவர்தானே என்பேன் நான். நீ ஏப்ரலைச் சொல்வாய், நான் ஆகஸ்டைச் சொல்வேன். அப்பா செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்துபோய்விடுவார்.

ஆனால் தம்பி, எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் நிறுத்தியது ஒரு சுற்றை. மீதியை நிறுத்தியது நீ. 2017-இல் குராசாவ் கரிஃப்டா இருந்தது, 2018-இல் நசாவ் கரிஃப்டா இருந்தது. வயதும் இருந்தது. கோடைக்குள் தசை ஆறிவிட்டது. அதை நானே தொட்டுப் பார்த்தேன். தேர்வுப் போட்டிக்குக்கூட நீ போகவில்லை. ஸ்பைக் ஷூவைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் "அக்காவைக் கேளுங்கள்" என்றாய். என் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், சிரித்துக்கொண்டே, "என் ஓட்டத்தை முடித்துவைத்தவள் இவள்தான்" என்று அறிமுகப்படுத்தினாயே, அவர்களும் சிரித்தார்கள். பட்டுப்புடவையோடு மேடையில் நின்றுகொண்டிருந்த நான் என்ன செய்திருக்க முடியும்? அந்த வாசகம் இன்றுவரை என் மாமியார் வாயில் வேடிக்கையாக வந்துகொண்டிருக்கிறது. காயத்தைச் சொன்னவள்மேல் பழியைப் போட்டுவிட்டால், மறுபடி தொடக்கக் கோட்டில் நின்று தோற்றுவிடுவோமோ என்ற பயத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இதைச் சபையில் எழுதுவது கடுமைதான். நீயும் சபையில்தானே சொன்னாய்.

அந்தத் திங்கட்கிழமை மாலை உன்னைத் தேடிப் பயிற்சித் திடலுக்கு வந்தேன் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நீ ஸ்பைக் ஷூவைக் கட்டி, தலையைக் குனிந்து, மாற்று வீரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் வர எனக்குக் கால் எழவில்லை. உன் இடத்தில் ஓடப்போகும் பையன் பதற்றத்தில் சட்டை எண்ணைக் கோணலாகக் குத்தியிருந்தான். நீ எழுந்து போய் ஊசிகளைக் கழற்றி நேராகக் குத்திவிட்டாய். நான்கு ஊசியையும். அவன் முதுகில் ஒரு தட்டு. வெளியே அரங்கத்தில் ஒரே ஆரவாரம். ஆண்டர்சன் பீட்டர்ஸ் அந்தப் போட்டியில் ஈட்டியில் தங்கம் வென்றிருந்தார். திருநெல்வேலியில் நம் உறவினர்கள் இன்று நீரஜ் சோப்ராவின் எதிராளி என்று சொல்வார்களே, அவரேதான். பின்னர் இரண்டு முறை உலகச் சாம்பியன். நாடே கூத்தாடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், நான் பார்த்ததில் மிகப் பெரிய காரியம் அந்த நான்கு ஊசிதான். உன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அது குறுக்கே வந்து நின்றுவிடுகிறது.

சென்ற ஆண்டு போட்டி மறுபடியும் நம் ஊருக்கு வந்ததே, கிரானி ஜேம்ஸ் பெயர் தாங்கிய அதே அரங்கத்துக்கு. மருத்துவக் கூடாரத்தில் உதவிக்குப் போயிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. அங்கே ஜமைக்காவின் நிக்கெகோய் பிராம்வெல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் 400 மீட்டரை 47.26-இல் ஓடி, போல்ட் 2002-இல் நசாவில் வைத்த 47.33-ஐ உடைத்தார். உன் அறைச் சுவரில் நீ பென்சிலால் எழுதிவைத்திருந்த எண் அது. அம்மா சுவருக்கு இரண்டு முறை வண்ணம் பூசியபோதும் அந்த மூலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் ஒரு சிறுமி கூடாரத்துக்கு வந்தாள். எந்தத் தீவு என்று சொல்லமாட்டேன். ஐஸ் கட்டி மட்டும் போதும், வேறொன்றும் இல்லை என்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, சாய்ந்து நின்றாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இம்முறை அவளிடமே முதலில் சொன்னேன்: நீ ஓடக்கூடாது என்று உன் பயிற்சியாளரிடம் சொல்லப்போகிறேன், நீயும் கூட வா. அழுதாள், திட்டினாள். ஆனாலும் கூட வந்தாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. அன்று இரவுதான், இனிமேல் கேட்டால் மறுக்காமல் அணியோடு போவது என்று முடிவு செய்தேன். மற்ற நாட்களில் நோயாளிகளுக்குச் செய்வது என் தொழில். இது என் கடன் என்று தோன்றுகிறது. உனக்குப் பட்ட கடன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு நான் கடன்படவில்லை.

போட்டி நடக்கும் மூன்று நாட்களும் பயிற்சித் திடலை விட்டு நான் நகர முடியாது. பார்வையாளர் பகுதிக்கு வரவும் மாட்டேன். திங்கட்கிழமை மாலை தொடர் ஓட்டங்களுக்கு நீ வந்தால் எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். அந்த நேரத்தில் என் கையில் யாருடைய காலாவது இருக்கும். வராவிட்டாலும் குறையில்லை. செவ்வாய்க்கிழமை மாலைதான் எனக்கு விமானம். காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன். போட வேண்டிய சண்டையைச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுவிடு. மாமியாருக்கு நீ எழுதித் தர வேண்டிய ஒரு வரியும் இருக்கிறது. அதை வாங்காமல் போகமாட்டேன்.

அன்புடன்,
அக்கா